கொஞ்சம் அழுங்கம்மா, லைவ் போவுது

சென்னைத் தொலைக்காட்சிகளுக்கு விழுப்புரம் மாவட்டம் என்றால் ஒரு சுங்கச்சாவடி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விக்கிரவாண்டியில் கார்கள் வரிசைகட்டும். நிருபர் ஜன்னலுக்குள் மைக்கை நுழைப்பார். "சொந்த ஊருக்குப் போறது எப்படி இருக்கு சார்?" "ரொம்பச் சந்தோஷமா இருக்கு." பின்சீட்டில் புளிசாதம் தின்னும் குழந்தை கேமராவுக்குக் கையாட்டும். இதற்குச் செய்தி அறையில் 'மனிதக் கோணம்' என்று பெயர். நான்கு நாள் கழித்து அதே சாவடி, எதிர்த்திசை, அதே கேள்வி. சாவடிக்கு இரண்டு பக்கமும் ஒரு மாவட்டம் இருக்கிறது, அதில் இருபது லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள் என்பது கண்ணாடி ஏற்றிய காருக்கும் தெரியாது, மைக்குக்கும் தெரியாது.

பண்டிகை இல்லாத நாளில் நேரலை வண்டி இந்தப் பக்கம் வர வேண்டுமானால் சாவு விழ வேண்டும்.

விழுந்தால் வருவார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வழி எல்லாச் சேனல் ஓட்டுநருக்கும் மனப்பாடம். பிணவறைக்கு வெளியே தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். புடவைத் தலைப்பு வாயில். முகத்துக்கு முன்னால் எட்டுப் பத்து மைக்குகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு லோகோ டப்பா. முதல் வேலை, நம் லோகோ தெரியும்படி மைக்கைத் திருப்புவது. இரண்டாவது வேலை, பக்கத்துச் சேனல் லோகோவை மறைப்பது. மூன்றாவதாகத்தான் அந்தம்மா. அவரிடம் கேட்பதற்கு இருபது வருடமாக ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது.

"இப்போ உங்க மனநிலை எப்படிம்மா இருக்கு?"

பெற்ற பிள்ளை உள்ளே மேசைமேல் கிடக்கிறது. மனநிலை எப்படி இருக்கும்? மிதமாக, லேசான மேகமூட்டத்துடன் இருக்கும். வேறு என்ன பதிலை எதிர்பார்த்து இதைக் கேட்கிறார்கள்? பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. கேட்டால் அழுவார், அதற்காகக் கேட்கிறார்கள். அழாமல் பேசினால் சிக்கல். "வரும்போதே மூச்சு இருந்திச்சிப்பா, டாக்டரு இல்லன்னாங்க" என்று அவர் விவரம் சொல்லத் தொடங்கினால் சென்னை டெஸ்க்கிலிருந்து போன் வந்துவிடும். "விஷுவல் ஓகே. பைட்டுல எமோஷன் இல்ல. இன்னொண்ணு எடு." நல்ல தகவல் ஒன்று அந்த இடத்திலேயே செத்துப்போகும். அதற்குப் பிரேதப் பரிசோதனை கிடையாது. இரண்டாவது பைட்டில் அந்தம்மா மார்பில் அடித்துக்கொண்டு கதறுவார். அதற்குச் சோக வயலின் சேர்ப்பார்கள். கதறல் முடிந்த நொடியில் நகைக்கடை விளம்பரம். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.

சேதாரம் முழுக்க அந்தம்மாவுக்கு.

செய்தியில் மனிதனைக் காட்டுவது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. 1990களில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் அலைந்து எழுதியதும் மனிதக் கோணம்தான். அவரிடமும் வறுமையின் முகங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் ஒரு திட்டம், ஒரு கோப்பு, ஒரு ஒப்பந்ததாரர் இருப்பார். 1996இல் அவை புத்தகமாக வந்தபோது படித்தவருக்குக் கண்ணீரோடு கோபமும் வந்தது. நம் தொலைக்காட்சி கண்ணீரை வைத்துக்கொண்டு கோபத்தை வெட்டி எறிந்துவிட்டது. எடிட்டிங் என்றால் அதுதான் போலிருக்கிறது.

ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30. அன்று பகல் முழுக்கச் சென்னைக் கடற்கரையில் ரெயின்கோட் போட்ட நிருபர்கள் வரிசையாக நின்றார்கள். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நிற்பதற்கு ஒரு பயிற்சி வகுப்பே நடத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். அலை வருகிறது, அலை போகிறது. புயல் கரையைக் கடந்ததா, கடக்கிறதா, கடக்குமா? மூன்று காலத்துக்கும் விவாதம் நடந்தது. புயல் எந்த விவாதத்துக்கும் வராமல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலைக் கணக்குப்படி மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. 24 மணி நேரத்தில் அரை மீட்டர். மயிலத்தில் ஒரு ரெயின்கோட் இல்லை. முருகன் கோயில் கிருத்திகைக்கு வந்த கேமராவோடு அந்த ஊருக்கும் தொலைக்காட்சிக்கும் இருந்த உறவு முடிந்துபோயிருந்தது. திண்டிவனத்தில் ஏரித் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து கட்டிலை மிதக்கவிட்டபோது, திரையில் சென்னையின் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் இல்லை என்று அமைச்சர் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த இரவு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீரைத் திறந்தார்கள். தென்பெண்ணை ஊர்களுக்குள் ஏறியது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டது. ரயில்கள் நின்றன. அப்போதுதான் விழுப்புரம் தலைப்புச் செய்தியானது. மனிதக் கோணமும் கிடைத்தது: வழியில் மாட்டிக்கொண்ட பயணிகள்! ஏ.சி. பெட்டியில் காபி கிடைக்காத கொடுமையை ஒருவர் விவரித்தார். ஜன்னலுக்கு வெளியே, தண்ணீருக்கு நடுவில், கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவரும் மனிதர்தான். கோணம் அவருக்கு எட்டவில்லை. ஒரு மாதத்துக்கு முன் இதே விக்கிரவாண்டி வி.சாலையில், அக்டோபர் 27ஆம் தேதி, நடிகர் விஜய்யின் கட்சி மாநாடு. காலை முதல் இரவு வரை நேரலை. வானத்திலிருந்து டிரோன், ரசிகரின் வியர்வைக்குக் குளோசப். நாற்காலியை எண்ணினார்கள், கொடிக்கம்பத்தின் உயரத்தை அளந்தார்கள். அந்த டிரோன்களில் ஒன்று டிசம்பர் 2ஆம் தேதி அதே வானத்தில் பறந்திருந்தால் எத்தனை ஊர் தீவாகக் கிடக்கிறது என்று தெரிந்திருக்கும். தண்ணீரில் டிரோன் கெட்டுவிடும் என்று பயந்திருக்கலாம். மனிதர்கள் கெட மாட்டார்கள்.

டிசம்பர் 3. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருவேல்பட்டு. சோறு தண்ணி இல்லை, ஒருவரும் வந்து எட்டிப்பார்க்கவில்லை என்று மக்கள் சாலையை மறித்தார்கள். அமைச்சர் பொன்முடி வந்தார். யாரோ சேற்றை வாரி வீசினார்கள். அவ்வளவுதான், சேனல்களுக்கு மோட்சம். சேறு புறப்படுகிறது. சேறு காற்றில் வருகிறது. சேறு சட்டையில் படுகிறது. நிறுத்தி, வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, மறுபடி முதலிலிருந்து. வெள்ளைச் சட்டையின் துயரத்தை இவ்வளவு உருக்கமாக எந்த நாட்டுத் தொலைக்காட்சியும் சொன்னதில்லை. இரவு விவாதத்தில் நான்கு பேர் உட்கார்ந்து சேறு வீசுவது ஜனநாயகமா என்று கேட்டார்கள். சேறு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐயா, அது அந்த ஊர் அடுப்படியிலிருந்து வந்தது. முழங்கால் அளவு கிடந்தது.

பிறகு நிவாரணம். ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய். மாடு செத்திருந்தால் 37,500. ஆட்டுக்கு 4,000. குடிசை இடிந்திருந்தால் 10,000. படித்துப் பாருங்கள். மாட்டுக்குத் தருவதில் மூன்றில் ஒரு பங்குகூட வீட்டுக்கு இல்லை. இதை வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி செய்யலாம். பத்தாயிரத்துக்கு எந்த ஊரில் குடிசை கட்டலாம், கீற்று என்ன விலை, மூங்கில் என்ன விலை, கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போனது? ஒரு நிருபர், ஒரு ஊர், ஒரு பட்டியல் போதும். செய்ய மாட்டார்கள். பட்டியல் அழாது.

சாராயத்துக்கு வருவோம். 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பம். மெத்தனால் கலந்த சாராயம். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து இருபதுக்கு மேல் சாவு. முதல்வர் ஸ்டாலின் முண்டியம்பாக்கம் வந்து பார்த்தார். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது அரசு. மீனவக் குப்பத்துக்குள் கேமராக்கள் நுழைந்தன. தாலி, வளையல், பொட்டு எல்லாம் குளோசப்பில் வந்தன. இரண்டாம் நாள் வரை இரக்கம். மூன்றாம் நாள் அலுப்பு. உடனே அதே சேனல்களில் அறச்சீற்றம்: குடித்துச் செத்தவனுக்கு 10 லட்சமா, வரி கட்டுபவன் இளிச்சவாயனா? அதே விதவை, முதல் நாள் மனிதக் கோணம். மூன்றாம் நாள் கஜானாவுக்கு வந்த கேடு. அதற்கு முந்தைய நிதியாண்டில் டாஸ்மாக் வழியே கஜானாவுக்கு வந்த வருவாய் 44,121 கோடி ரூபாய். அதைத் தந்தவர்களும் குடித்தவர்கள்தான். அவர்களை இளிச்சவாயர்கள் என்று ஒரு விவாதத்திலும் யாரும் பாராட்டவில்லை.

மெத்தனால் எந்த ஆலையிலிருந்து எப்படி வெளியே வந்தது, அதற்குக் கணக்கு வைக்க வேண்டியவர் யார், பணியிடை நீக்கம் செய்த அதிகாரிகள் பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்? மரக்காணத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்டு, விடாமல் பின்தொடர்ந்திருந்தால்? தெரியாது. கேட்காமல் விட்டதன் பலன் தெரியும். பதின்மூன்றாவது மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அதே மெத்தனால். அறுபதுக்கு மேல் சாவு. வரிசையாக எரியும் சிதைகளைக் காட்ட டிரோன் வந்தது. பார்த்தீர்களா, தேவைப்பட்டால் டிரோன் வரும்.

குழந்தை என்றால் இன்னும் விசேஷம். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுப் பையன் விழுந்தான். 80 மணி நேரத்துக்கு மேல் நேரலை. மேலே அவன் சிரிக்கும் புகைப்படம், கீழே ஓடும் எழுத்து, நடுவில் கிராஃபிக்ஸ் குழி. தமிழ்நாடே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தது. அந்த நாள்களில்தான் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றவர்கள் இந்த நேரலையில் மூழ்கியிருந்தபோது, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கிச் செத்தது. அதற்கும் வண்டி போனது. பெற்றவர்களிடம் மனநிலை கேட்டிருப்பார்கள்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே வழிகாட்டு நெறிமுறை தந்திருந்தது. ஒன்பது வருடம் கிடந்தது அது. 80 மணி நேரத்தில் அதற்குக் கிடைத்த நேரம், ஒரு பற்பசை விளம்பரத்துக்குக் கிடைத்ததைவிடக் குறைவு.

2025 ஜனவரி. விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளி. எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்திருந்தது. தாளாளர், முதல்வர், ஆசிரியை கைதானார்கள். அந்தத் தாயின் கதறலை எத்தனை முறை போட்டார்கள் என்று எண்ணக் கூசியது. சரி. ஒரு தனியார் பள்ளி நடத்தக் கட்டட உறுதிச் சான்று வேண்டும், கட்டட உரிமம் வேண்டும், சுகாதாரச் சான்று வேண்டும், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு அதிகாரியின் கையெழுத்து. துருவைப் பார்க்காமல் எத்தனை பேனா ஓடியது? அந்தக் கையெழுத்துகளுக்கு ஒரு குளோசப் வைத்திருக்கலாம். பக்கத்துப் பள்ளிகளின் மூடிகள் எப்படி இருக்கின்றன என்று மறுநாளே ஒரு நடை நடந்திருக்கலாம். மறுநாள் குழந்தையின் தாத்தாவை மைக்கோடு பிடித்தார்கள். அதற்கு மறுநாள் யாரும் வரவில்லை.

சாவே இல்லாமல் மனிதக் கோணம் கிடைக்கும் ஒரே இடம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தைலாபுரம், ராமதாஸின் தோட்டம். 2025இல் அப்பா ராமதாஸுக்கும் மகன் அன்புமணிக்கும் பா.ம.க. தலைவர் யார் என்று தகராறு வந்ததும் சேனல்கள் தோட்டத்து வாசலில் பாய் விரித்துப் படுத்துவிட்டன. கார் உள்ளே போகிறது: பிரேக்கிங். கார் வெளியே வருகிறது: பிரேக்கிங். ஐயா முகம் வாடியிருந்தது: சிறப்பு விவாதம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி கிடைத்ததாக அவர் சொன்னபோது அதற்கும் ஒரு வாரம் ஓடியது. (வாசலில் அத்தனை மைக் நிற்கும்போது உள்ளே தனியாக ஒன்று எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) அப்பா–மகன் பாசம், குடும்பம், கண்ணீர், எல்லாம் சரி. அந்த வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் திண்டிவனம் ரயில் நிலையம். திண்டிவனம்–திருவண்ணாமலை புதிய ரயில் பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. அப்போது ரயில்வே இணை அமைச்சரே பா.ம.க.வைச் சேர்ந்தவர். ஏறத்தாழ இருபது வருடம் ஆகிறது, ரயில் ஓடவில்லை. தோட்டத்துக்குள் போன ஒவ்வொரு காரையும் எண்ணிய கேமராக்கள், வராத ரயிலை எண்ணவில்லை. வராததை எப்படிப் படம் பிடிப்பது?

திண்டிவனத்தில்தான் பேராசிரியர் பிரபா கல்விமணியும் இருக்கிறார். அத்தியூரில் ஒரு இருளர் பழங்குடிப் பெண்ணை 1993இல் புதுச்சேரிப் போலீசார் சீரழித்த வழக்கில் தொடங்கி, இருளர்களுக்காக மனுவும் கையுமாக அலைந்தவர். அந்த வழக்கில் தண்டனை வர பதின்மூன்று வருடம் ஆனது. இந்த முப்பது வருடத்தில் எந்தச் சேனலும் இருளர் குடியிருப்பில் ஒரு பொழுது உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. 2021 நவம்பரில் இருளர்கள் கதையைச் சொன்ன 'ஜெய் பீம்' படம் வந்தது. சூர்யா நடித்துவிட்டார், எனவே இருளர்கள் இருக்கிறார்கள் என்று உறுதியானது. இரண்டு வாரம் திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் வட்டாரமெல்லாம் லோகோ மைக்குகள். பாம்பு பிடிப்பீர்களா, எலி தின்பீர்களா என்பதில் இருந்த ஆர்வம், பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தீர்கள் என்பதில் இல்லை. படம் ஓடி முடிந்தது. இருளர்கள் மறுபடி காணாமல் போனார்கள். செங்கல் சூளையில் தேடினால் கிடைப்பார்கள்.

இதற்கெல்லாம் தாலுகா நிருபரைத் திட்டுவது சுலபம். திட்டாதீர்கள். அவருடையது சொந்த பைக், சொந்த செல்போன், சொந்தப் பெட்ரோல். மாதச் சம்பளம் பலருக்கு இல்லை, செய்தி ஒளிபரப்பானால் இவ்வளவு என்று கூலி. மதகு உடைந்திருப்பது, எந்த ஒப்பந்ததாரர் எந்த ஏரிக் கரையை எப்படிப் பூசினார், எல்லாமே அவருக்குத் தெரியும். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், மதகைப் படம் பிடித்து அனுப்பினால் எந்த டெஸ்க் எடுத்துக்கொள்ளும்? தளவானூரில் தென்பெண்ணைமேல் 25 கோடியில் கட்டிய தடுப்பணை, திறந்து நான்கைந்து மாதத்தில், 2021 ஜனவரியில் உடைந்தது. ஒரு நாள் காட்டினார்கள். இரண்டாவது நாள் காட்டுவதற்கு அங்கே அழ ஒருவரும் இல்லை. சிமென்ட் மட்டும் இருந்தது, அதுவும் கொஞ்சமாக.

மேலே போகப் போக விஷயம் எளிதாகிறது. ஒரு சேனல் ஒரு கட்சிக்கு, ஒரு சேனல் இன்னொரு கட்சிக்கு, ஒன்று கல்லூரி முதலாளிக்கு, ஒன்று அம்பானிக்கு. மதகுக்குப் பின்னால் போனால் யாராவது ஒரு முதலாளியின் நண்பர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்கும். கண்ணீருக்குப் பின்னால் போனால் எங்கும் போகாது, கன்னத்தோடு நின்றுவிடும். அதனால்தான் கண்ணீர். தாயின் அழுகைக்கு மானநஷ்ட வழக்கு வராது. விளம்பரம் நிற்காது. கேபிள் கட் ஆகாது.

வடகிழக்குப் பருவமழை இந்த வருடமும் வரும். நேரலை வண்டியும் வரும். எவனோ ஒருவன் பெற்ற பிள்ளையோ, எவளோ ஒருத்தியின் புருஷனோ போயிருப்பான். மூன்றாம் நாள் நிவாரணம் கொடுக்கும் விழா நடக்கும். அந்தப் புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இடது பக்கம் அந்தம்மா, தலை குனிந்தபடி. வலது பக்கம் வெள்ளை வேட்டி. நடுவில் காசோலை, கேமராவுக்குத் தெரியும்படி நன்றாகத் திருப்பிப் பிடித்தது. பின்னால் ஆட்சியர், வட்டாட்சியர், ஒன்றியச் செயலாளர், அவரைத் தள்ளிவிட்டுத் தலையை நீட்டும் நகரச் செயலாளர்.

நிருபர் தம்பி, அந்தம்மாவிடம் கேட்டாயிற்று. மைக்கை நான்கு அடி வலப்பக்கம் நகர்த்து. லோகோ தெரிகிறதா பார்த்துக்கொள். காசோலை பிடித்திருப்பவரிடம் அதே கேள்வியைக் கேள், ஒரு வார்த்தை மாற்றாமல்: இப்போ உங்க மனநிலை எப்படிய்யா இருக்கு? அழவில்லை என்றால் இன்னொரு பைட் எடு. அவர் வாயைத் திறக்கும்போது மட்டும் நகைக்கடை விளம்பரத்துக்குப் போய்விடாதே.